மலிவான உலோகத்தில் கரியமில வாயுவை மாற்றும் வினையூக்கி: தேடத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தை ஒட்டி மேக்னசைட் சந்திப்பு என்றே பெயர் கொண்ட ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்தப் பகுதியில் வெட்டியெடுக்கும் வெள்ளைக் கல்லைச் சூளையில் சுட்டால் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். ஒரு டன் தூய கல்லைச் சுட்டால் மிஞ்சுவது சுமார் 480 கிலோ. மற்ற 520 கிலோ கரியமில வாயுவாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். கல்லில் பாதிக்கு மேல் வானத்துக்கு! இதோடு மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சுண்ணாம்புக்கல்லைச் சுடும் சிமெண்ட் ஆலைகள், மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையம், கழிவுப்பாகிலிருந்து எத்தனால் வடிக்கும் ஆலைகள் என்று கொங்கு நாட்டில் இந்த வாயு வெளியேறும் இடங்களுக்குக் குறைவில்லை.

"சார், இதை ஹைட்ரஜனோடு சேர்த்து எரிபொருளாக்கலாம் என்று படித்தோம். தான் தீர்ந்துபோகாமல் அந்த வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியாகப் பிளாட்டினம், ருத்தேனியம் வாங்க எங்களிடம் காசில்லை. இரும்பிலும் நிக்கலிலும் செய்ய முடியுமா?" முதுநிலை வேதியியல் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. முடியும். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர்கள் பால் சபாத்தியேவும் சாந்தரான்ஸும் 1902-இலேயே நிக்கலை வைத்துக் கரியமில வாயுவை மீத்தேனாக மாற்றிக் காட்டினார்கள். சபாத்தியேவுக்கு 1912-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே மலிவான உலோகம் வேலை செய்யுமா என்பதில் ஐயமே இல்லை. எந்த உலோகம், எந்த வடிவில், எத்தனை நாள் தாங்கும், அதை எப்படி ஏமாறாமல் அளப்பது என்பதுதான் கேள்வி. ஏமாறாமல் அளப்பதற்கே இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் துறையில் வீணாகும் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் வீணாகிறது.

முதல் படி: என்ன பொருள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

வினையூக்கியைத் தேடுமுன் விளைபொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழிகள் முக்கியமாக நான்கு.

ஒரு பங்கு கரியமில வாயுவோடு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தால் மீத்தேனும் தண்ணீரும் வரும். ஒரு மோலுக்கு 165 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். சாதாரண காற்றழுத்தத்திலேயே, 250 முதல் 400 டிகிரி செல்சியஸுக்குள் நிக்கல் இதை நன்றாகச் செய்யும்.

மூன்று பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தால் மெத்தனால். அதற்குச் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மூன்றும் கலந்த வினையூக்கி. 1960-களிலிருந்து தொழிற்சாலைகளில் ஓடும் குடும்பம் இது. ஆனால் 50 முதல் 100 மடங்கு காற்றழுத்தம் வேண்டும். அப்போதும் 250 டிகிரியில், 50 மடங்கு அழுத்தத்தில், ஒரு முறை கடந்து போகும் வாயுவில் கால் பங்கைச் சுற்றியே மாறும். எவ்வளவு நல்ல வினையூக்கியாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. அது வெப்ப இயக்கவியல் போட்ட வேலி. மாறாத வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டுத்தான் ஆலைகள் விளைச்சல் காண்கின்றன.

ஒரே ஒரு பங்கு ஹைட்ரஜன் போதும் என்றால் கார்பன் மோனாக்சைடு. இது 41 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும் வினை. எனவே சூடு ஏற ஏற விளைச்சல் கூடும். கிடைக்கும் மோனாக்சைடை இரும்பின் மேலேயே நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன்களாக வளர்க்கவும் முடியும்.

நான்காவது, கரைசலில் ஃபார்மிக் அமிலம் அல்லது அதன் உப்பு. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தில் 2013-இல் ஒரு கோபால்ட் ஹைட்ரைடு சேர்மம் அறை வெப்பநிலையிலும் சாதாரண காற்றழுத்தத்திலும் இதைச் செய்தது. அருமையான வேலை. ஆனால் அதோடு சேர்க்க வேண்டியிருந்த காரம் கோபால்ட்டைவிட விலை கூடியது. உலோகம் மலிவாக இருந்தால் வினையூக்கியும் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு மாணவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

கற்றுக்கொள்ள மீத்தேனைத் தேர்ந்தெடுங்கள். கருவி எளிது, அழுத்தம் வேண்டாம், பக்க விளைபொருள் குறைவு. சந்தை மதிப்பில் அது கடைசி இடம் என்பதும் செலவிட்ட ஹைட்ரஜனில் பாதி தண்ணீராகிவிடும் என்பதும் உண்மையே. ஆனாலும் அளக்கும் பழக்கம் கைவரும் வரை 50 மடங்கு அழுத்தத்தில் கை வைக்காதீர்கள். லேத் பட்டறையில் கடைந்த குழாயில் உயரழுத்த ஹைட்ரஜனை அடைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே கைவிட வேண்டும். சான்றளிக்கப்பட்ட உயரழுத்தக் கலம் இல்லாமல் மெத்தனால் வேலை கூடவே கூடாது.

இரண்டாம் படி: உலோகங்களின் குணம் அறிதல்

வண்டி மாட்டை நுகத்தில் பிணைக்கும் பூட்டாங்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் கழுத்து புண்ணாகும், மாடு நகராது. தளர்த்தினால் நுகம் கழன்றுவிடும். வினையூக்கியின் மேற்பரப்பும் அப்படித்தான். கரியமில வாயுவின் மூலக்கூறைப் பிடித்து அதன் பிணைப்பைத் தளர்த்தும் அளவுக்குப் பற்று வேண்டும். வேலை முடிந்ததும் விளைபொருளை விட்டுவிடும் அளவுக்கு நெகிழ்வும் வேண்டும். சபாத்தியே சொன்ன நெறி இதுவே. உயர்ந்த உலோகங்கள் என்று நாம் பணம் கொட்டுபவை இயல்பிலேயே இந்த நடு அளவில் இருக்கின்றன. மலிவான உலோகங்களை, அவற்றைப் பரப்பி வைக்கும் தாங்கியாலும் சிறிதளவு சேர்க்கும் துணைப்பொருளாலும் அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நாம் செய்யும் ஆராய்ச்சி முழுவதும் இந்தப் பக்குவம் பார்ப்பதுதான்.

இரும்பு இறுகப் பிடிக்கும் இனம். புவியோட்டில் சுமார் 5 சதவீதம் இருப்பதால் இதைவிட மலிவு கிடையாது. தனியாக விட்டால் மோனாக்சைடும் மீத்தேனும் கலந்து தரும். சிறிதளவு பொட்டாசியமோ சோடியமோ சேர்த்தால் மீத்தேன் குறைந்து நீண்ட சங்கிலிகள் கூடும். வேலை நடக்கும்போது இரும்பு இரும்பாகவே இருப்பதில்லை. ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகவும் ஒரு பகுதி மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடாகவும் மாறிவிடும். முதல் சில மணி நேர அளவீடுகளை வைத்து இரும்பைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நிக்கல் மீத்தேனுக்குத் திறமையானது. கிலோ கணக்கில் விலை பேசப்படும் உலோகம். ருத்தேனியம் அதே வேலையை இன்னும் தாழ்ந்த சூட்டில் செய்யும். ஆனால் அதற்கு விலை கிராம் கணக்கில் பேசப்படும்.

செம்பு மென்மையாகப் பிடிக்கும். அதனால் மீத்தேன் வரை போகாமல் மெத்தனாலிலோ மோனாக்சைடிலோ நின்றுவிடும். அதன் பலவீனம் சூடு. ஒரு உலோகத்தின் உருகுநிலையை கெல்வினில் எடுத்துப் பாதியாக்கினால் வரும் வெப்பநிலையில் அதன் நுண்துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று திரளத் தொடங்கும். செம்புக்கு அது சுமார் 406 டிகிரி செல்சியஸ், நிக்கலுக்கு 591, இரும்புக்கு 632. உண்மையில் தொல்லை அதற்கும் முன்பே ஆரம்பித்துவிடும். செம்பை 300 டிகிரிக்கு மேல் ஓட்டிவிட்டு, திறன் ஏன் குறைந்தது என்று பிறகு வருந்திப் பயனில்லை.

மாலிப்டினம் கார்பைடைப் பலர் கவனிப்பதில்லை. கார்பைடுகள் பிளாட்டினத்தைப் போல நடந்துகொள்ளும் என்று 1973-இலேயே டங்ஸ்டன் கார்பைடை வைத்துச் சொல்லப்பட்டது. மோனாக்சைடு வேண்டுமென்றால் மாலிப்டினம் கார்பைடைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கோபால்ட்டும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மலிவான உலோகங்களின் பட்டியலில் நான் அதைச் சேர்ப்பதில்லை. உலகின் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருகிறது. விலை நிலையில்லாதது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் குழந்தைகளும் உழைக்கிறார்கள். அந்த விலையையும் கணக்கில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: தாங்கி

உலோகத்தை மணல்மணிகளாக அப்படியே போட்டால் உட்பகுதி முழுவதும் வீண். நுண்துளைகள் நிறைந்த ஒரு ஆக்சைடின் மேல் நானோமீட்டர் அளவில் பரப்பினால்தான் சிறிய அளவு உலோகம் பெரிய பரப்பைத் தரும். காமா வகை அலுமினா, சிலிக்கா, சீரியம் ஆக்சைடு, சிர்கோனியா, மக்னீசியம் ஆக்சைடு ஆகியவை வழக்கமான தாங்கிகள். இவற்றில் காரத்தன்மை உள்ளவை அமிலத்தன்மை கொண்ட கரியமில வாயுவை ஈர்த்துப் பிடித்து உலோகத்தின் பக்கத்தில் நிறுத்தும். சேலத்துப் பொருளான மக்னீசியம் ஆக்சைடு மேல் எனக்குப் பற்று வந்தது இதனால்தான்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். உலைச் செங்கலுக்காக 1,500 டிகிரிக்கு மேல் சுட்ட ஆக்சைடு கல் போல இறுகியிருக்கும், பரப்பே இருக்காது. 1,000 டிகிரிக்குள் மிதமாகச் சுட்டதைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் சிலிக்கா, சுண்ணாம்பு, இரும்பு கலந்திருக்கும். எனவே பகுப்பாய்வு செய்யாமல் எந்த முடிவையும் எழுதாதீர்கள். இன்னொரு சிக்கல்: நிக்கல் ஆக்சைடும் மக்னீசியம் ஆக்சைடும் ஒரே படிக அமைப்பு கொண்டவை. சூட்டில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். அப்படிக் கரைந்த நிக்கலை ஹைட்ரஜனால் உலோகமாக்குவது மிகக் கடினம். ஆனால் உலோகமான சிறு பகுதி எளிதில் திரளாது, நீடித்து உழைக்கும். இந்தக் குறையும் நிறையும் சேர்ந்திருப்பதால் முதல் சோதனைக்கு அலுமினாவையும், அது கைவந்த பிறகு மக்னீசியம் ஆக்சைடையும் எடுத்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: தயாரித்தல்

பத்து கிராம் வினையூக்கி, அதில் பத்து சதவீதம் நிக்கல். இதுதான் இலக்கு.

முதலில் அலுமினாவின் தாகத்தை அளந்துகொள்ள வேண்டும். ஒரு கிராம் தூளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். தூள் ஈரமாகி, தண்ணீர் வெளியே தெரியத் தொடங்கும் நொடிவரை எத்தனை மி.லி. குடித்தது என்று குறியுங்கள். ஒன்பது கிராமுக்கு அதை ஒன்பதால் பெருக்குங்கள். அந்த அளவுத் தண்ணீரில் 4.95 கிராம் நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டைக் கரைத்தால் அதில் சரியாக ஒரு கிராம் நிக்கல் இருக்கும். இரும்பு என்றால் 7.23 கிராம் பெர்ரிக் நைட்ரேட் நோனாஹைட்ரேட். விலை குறைவு என்று குளோரைடு உப்பை வாங்காதீர்கள். மிஞ்சும் குளோரின் வினையூக்கிக்கு நஞ்சு, செம்புக்கு அதிலும் கொடிய நஞ்சு.

கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, ரொட்டிக்கு மாவு பிசைவது போலச் சீராகக் கலந்து, சில மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பிறகு 110 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்துங்கள். அடுத்து மஃபிள் உலையில் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றி, 450 டிகிரியில் 4 மணி நேரம் சுடுங்கள். இந்தக் கட்டத்தில் நைட்ரேட் சிதைந்து பழுப்பு நிற நச்சுப்புகை வரும். புகை உறிஞ்சும் அடைப்புக்குள் அல்லாமல் இதைச் செய்யக் கூடாது. நிக்கல் ஆக்சைடுத் தூசி புற்றுநோய் தரக்கூடியது. முகக் கவசமும் கையுறையும் கட்டாயம்.

ஒரே நாளில் ஒரே முறையில் மூன்று தனித்தனித் தொகுதிகள் செய்து பாருங்கள். மூன்றும் ஒரே முடிவைத் தராவிட்டால் உங்கள் கையே இன்னும் பக்குவப்படவில்லை. புதிய உலோகத்தைத் தேடிப் போவது அதற்குப் பிறகுதான்.

ஐந்தாம் படி: வெறுங்குழாய்ச் சோதனை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் ஒரு இரும்பு வினையூக்கி அற்புதமாக மீத்தேன் தந்தது. மாணவர்கள் மகிழ்ச்சியில் கட்டுரைக்கு வரைபடம் கூடத் தயார் செய்துவிட்டார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது, இரும்பு இவ்வளவு மீத்தேன் தருமா? வினையூக்கியை எடுத்துவிட்டு வெறும் குழாயில் அதே வாயுவை அதே சூட்டில் ஓட்டச் சொன்னேன். மீத்தேன் வந்துகொண்டே இருந்தது. காரணம், குழாய் துருப்பிடிக்காத எஃகு. அந்த எஃகில் எட்டு சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருக்கிறது. பழைய குழாய், உள்சுவர் பல முறை சூடாகி, ஹைட்ரஜனால் ஆக்சிஜனை இழந்து ஒடுங்கி, சொரசொரப்பாகியிருந்தது. வினையூக்கி என்று நாங்கள் கொண்டாடியது பெரும்பாலும் குழாயின் சுவரைத்தான். நான்கு மாத வேலை போனது.

அதன்பின் குவார்ட்ஸ் குழாய் மட்டுமே பயன்படுத்துகிறோம். முதலில் வெறுங்குழாய், அடுத்து தாங்கி மட்டும், அதற்குப் பிறகே வினையூக்கி. இந்த வரிசையை மாற்ற யாருக்கும் அனுமதி கிடையாது.

கருவி பெரிதல்ல. குழாய் உலை, வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் மூன்று, வெளியேறும் வாயுவிலிருந்து தண்ணீரைப் பிரிக்கக் குளிர்ந்த பொறி, பகுப்பாய்வுக்கு வாயு நிறப்பிரிகைக் கருவி. உலையையும் தாங்கு சட்டங்களையும் கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ நல்ல பட்டறைக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிச் செய்துகொள்ளலாம். விலை பெரிதும் குறையும். ஆனால் வாயுக் குழாய் இணைப்புகளிலும் அழுத்தச் சீராக்கியிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு இணைப்பையும் சோப்பு நீர் தடவிப் பார்த்த பிறகே உலையைச் சூடாக்க வேண்டும். கழிவு வாயு கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். ஹைட்ரஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் தனித்தனி எச்சரிக்கை மணிகள் வேண்டும்.

நிக்கலோடு வேலை செய்வோருக்கு இன்னொன்று. மோனாக்சைடு இருக்கும்போது நிக்கலை 200 டிகிரிக்குக் கீழே குளிரவிட்டால் நிக்கல் கார்பனைல் உருவாகக்கூடும். 43 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் இது, மூச்சில் சிறிதளவு போனாலும் ஆளைக் கொல்லும். எனவே சூடு குறைக்குமுன் நைட்ரஜனால் முழுவதும் கழுவிவிடுங்கள்.

குழாயில் அரை கிராம் வினையூக்கியை இரண்டு, மூன்று மடங்கு குவார்ட்ஸ் மணலோடு கலந்து நிரப்புங்கள். மணல் இல்லாவிட்டால் வினையின் வெப்பத்தில் நடுவில் ஒரு புள்ளி மட்டும் கொதித்து, அளவி காட்டும் சூட்டைவிட உள்ளே பல பத்து டிகிரி கூடிவிடும். பிறகு 500 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஹைட்ரஜனில் ஒடுக்கினால் நிக்கல் ஆக்சைடு உலோகமாகும். உங்கள் பொருளுக்குச் சரியான ஒடுக்க வெப்பநிலையைக் கண்டுபிடிக்க, சூட்டை மெல்ல ஏற்றிக்கொண்டே அது எந்த இடத்தில் எவ்வளவு ஹைட்ரஜனைக் குடிக்கிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. கைக்காசில் ஒரே ஒரு பகுப்பாய்வுதான் முடியும் என்றால் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ப் படத்தை விட்டுவிட்டு நான் இதைத்தான் செய்வேன்.

ஆறாம் படி: அளத்தல்

இங்கே ஒரு கணக்கைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். உள்ளே போவது நிமிடத்துக்கு 80 மி.லி. ஹைட்ரஜன், 20 மி.லி. கரியமில வாயு, 10 மி.லி. நைட்ரஜன், மொத்தம் 110. கரியமில வாயுவின் பங்கு 18.2 சதவீதம்.

அதில் 60 சதவீதம் மீத்தேனாக மாறியது என்று வையுங்கள். வெளியே வருவது 8 கரியமில வாயு, 32 ஹைட்ரஜன், 12 மீத்தேன், 10 நைட்ரஜன். தண்ணீர் பொறியில் தங்கிவிடும். மொத்தம் 62 மி.லி. தான். இப்போது கருவி கரியமில வாயுவை 12.9 சதவீதம் என்று காட்டும். 18.2-க்கு 12.9 என்று நேராக ஒப்பிட்டால் மாற்றம் வெறும் 29 சதவீதம்! உண்மையோ 60. மூலக்கூறுகள் ஒன்றுசேர்வதால் வாயுவின் மொத்த அளவே சுருங்குகிறது என்பதை மறந்ததால் வந்த பிழை இது.

நைட்ரஜன் இதற்காகத்தான். அது எந்த வினையிலும் சேராது. நுழையும்போது 9.1 சதவீதமாக இருந்தது வெளியே 16.1 ஆனால், வாயு எவ்வளவு சுருங்கியது என்று அதுவே சொல்லிவிடும். 9.1-ஐ 16.1-ஆல் வகுத்து, மேலே கண்ட விகிதத்தோடு பெருக்கினால் மிஞ்சியது 40 சதவீதம், மாறியது 60 சதவீதம் என்று சரியாக வரும். நைட்ரஜன் இல்லாத அளவீட்டை என் மேசைக்குக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அடுத்து கார்பன் வரவுசெலவு. உள்ளே போன கார்பன் அத்தனையும் வெளியே வந்ததா? 95 முதல் 105 சதவீதத்துக்குள் கணக்கு நேராக வேண்டும். குறைந்தால் கசிவு இருக்கலாம், கரி படிந்திருக்கலாம், கருவி அளவு தப்பியிருக்கலாம். காரணம் தெரியும் வரை அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஏழாம் படி: ஒப்பிடுதல்

இரண்டு வினையூக்கிகளும் 350 டிகிரியில் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி மாற்றுகின்றன. எனவே இரண்டும் சமம்? இல்லை. இரண்டுமே வெப்ப இயக்கவியல் வேலியில் முட்டி நிற்கின்றன. பந்தயக் கோட்டைத் தாண்டி நின்றுவிட்ட இரண்டு காளைகளைப் பார்த்து எது வேகமானது என்று சொல்ல முடியாது. ஓடும்போது பார்க்க வேண்டும். வாயுவின் வேகத்தைக் கூட்டியோ வினையூக்கியின் அளவைக் குறைத்தோ மாற்றத்தை 15 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். அங்கே கிடைக்கும் வேகத்தை ஒரு கிராம் வினையூக்கிக்கு என்றும், ஒரு கிராம் உலோகத்துக்கு என்றும் இரண்டு விதமாகவும் எழுதுங்கள்.

மேலே சொன்ன ஓட்டத்தில் நைட்ரஜனை விட்டுவிட்டுப் பார்த்தால் அரை கிராமுக்கு நிமிடத்துக்கு 100 மி.லி., அதாவது ஒரு கிராமுக்கு மணிக்கு 12,000 மி.லி. இந்த எண் இல்லாமல் யாராவது மாற்ற சதவீதம் மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. ஆயிரம் மடங்கு மெல்ல ஓட்டினால் மோசமான வினையூக்கியும் நல்ல பெயர் வாங்கிவிடும்.

எட்டாம் படி: நஞ்சும், காற்று நின்ற நாளும்

சிலிண்டர் வாயுவில் பாஸான வினையூக்கி ஊரின் வாயுவில் பாஸாகுமா? நிக்கலும் செம்பும் கந்தகத்தின் முன் நிற்காது. பத்து லட்சத்தில் ஒரு சில பங்கு இருந்தாலே மேற்பரப்பை அடைத்துவிடும், மீண்டும் எடுப்பது அரிது. நிலக்கரிப் புகையிலும் எண்ணெய் எரிக்கும் சூளைப் புகையிலும் கந்தகம் உண்டு. அதனால் நம் பகுதியில் தொடங்க நல்ல இடம் எத்தனால் வடிப்பகம் என்பது என் கருத்து. நொதித்தலில் ஒரு கிலோ எத்தனாலுக்கு சுமார் 950 கிராம் கரியமில வாயு வருகிறது, அதுவும் தூய்மையாகவே. சூளை வாயு வேண்டுமென்றால் முன்னால் துத்தநாக ஆக்சைடு படுகை வைத்துக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும், அதற்கான செலவும் சேரும்.

ஹைட்ரஜன் எங்கிருந்து வரும்? உப்பு நீரை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா செய்யும் ஆலைகளில் ஒரு டன் சோடாவுக்கு 25 கிலோ ஹைட்ரஜன் கூடவே பிறக்கிறது. அந்த 25 கிலோவால் 136 கிலோ கரியமில வாயுவை 50 கிலோ மீத்தேனாக்கலாம். ஆனால் அந்த ஆலைகள் பெரும்பாலும் அதற்கு ஏற்கெனவே வேலை வைத்திருக்கின்றன. இன்னொரு வழி காற்றாலை மின்சாரம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் இராப்பகலாகச் சுழலும். கார்த்திகைக்குள் அந்த வேகம் அடங்கிவிடும். காற்றை நம்பி ஹைட்ரஜன் செய்தால் உலை நிற்கும், ஓடும், மீண்டும் நிற்கும்.

எனவே நூறு மணி நேரம் ஒரே சூட்டில் ஓட்டிய வரைபடம் மட்டும் நமக்குப் போதாது. ஹைட்ரஜனை நிறுத்தி, நைட்ரஜனில் குளிரவிட்டு, மீண்டும் ஏற்றி, இப்படி இருபது சுற்றாவது ஓட்டிப் பாருங்கள். ஹைட்ரஜன் நின்று கரியமில வாயு மட்டும் வினையூக்கியின் மேல் பாய்ந்தால் உலோகம் மீண்டும் ஆக்சைடாகிவிடும். தயாரிப்பில் மட்டுமன்றி வால்வு மூடும் வரிசையிலும் வினையூக்கியின் ஆயுள் இருக்கிறது.

ஒன்பதாம் படி: காசுக் கணக்கு

இந்தக் கணக்கில் வரும் விலைகள் முறையை விளக்கவே. உங்கள் சந்தை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிலோ 2,000 ரூபாய் வினையூக்கியில் ஒரு கிலோ மணிக்கு அரை கிலோ மீத்தேன் தருகிறது, ஆயிரம் மணி நேரம் வாழ்கிறது. மொத்தம் 500 கிலோ. ஒரு கிலோ மீத்தேனுக்கு வினையூக்கிச் செலவு 4 ரூபாய். கிலோ 6,000 ரூபாய் வினையூக்கி அதே வேகத்தில் 8,000 மணி நேரம் வாழ்ந்தால் 4,000 கிலோ, செலவு ஒன்றரை ரூபாய். மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியதுதான் மலிவு.

இதைவிடப் பெரிய பாடம் ஹைட்ரஜனில். ஒரு கிலோ மீத்தேனுக்கு அரை கிலோ ஹைட்ரஜன் வேண்டும். மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். ஹைட்ரஜன் கிலோ 300 ரூபாய் என்று வைத்தால், மீத்தேனில் அதன் பங்கே 150 ரூபாய். அதில் ஒரு சதவீதம் வேண்டாத பொருளுக்குப் போனால் ஒன்றரை ரூபாய் நட்டம். அந்த நல்ல வினையூக்கியின் முழுச் செலவும் அவ்வளவுதானே! ஆகவே மலிவான உலோகம் என்று தேடும்போது, வேண்டிய பொருளை மட்டும் தரும் தெரிவுத்திறனில் ஒரு சதவீதம் கூட இழக்காத மலிவான உலோகம் என்றே தேட வேண்டும்.

பத்தாம் படி: கழிவிலிருந்து தேடுதல்

அம்மோனியா வினையூக்கிக்காக ஜெர்மனியில் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தபோது, 1909-இல் சுவீடன் நாட்டு மேக்னடைட் கனிமம் ஒன்று தூய இரும்பைவிட மிக நன்றாக வேலை செய்தது. காரணம் அதிலிருந்த கலப்புகள் என்று அவர் புரிந்துகொண்டார். இரும்போடு அலுமினாவும் பொட்டாஷும் சேர்ந்த வினையூக்கி அப்படித்தான் பிறந்தது. அதுவரை அந்த வேலைக்கு வைத்திருந்த விலை உயர்ந்த ஆஸ்மியம் உலோகத்தை அது ஒதுக்கித் தள்ளியது. இன்றைய அம்மோனியா ஆலைகளும் பெரும்பாலும் அந்த இரும்பு மரபிலேயே ஓடுகின்றன.

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இருப்பதும் மேக்னடைட்தான். நொய்யல் கரையில் கொடுமணலில் சங்க காலத்திலேயே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். ஆனால் சோதனைக்காக மலையைத் தோண்டப் போக வேண்டாம். அது சட்டத்துக்கும் ஊருக்கும் பொருந்தாது. கோவையின் இரும்புப் பட்டறைகளில் பழுத்த இரும்பைத் தட்டும்போது உதிரும் கருஞ்செதில் போதும். அது ஏறக்குறைய முழுவதும் இரும்பு ஆக்சைடு. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, காந்தத்தால் பிரித்து, அரைத்து, நூறு கிராமுக்கு ஓரிரு கிராம் பொட்டாசியம் வரும்படி பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் நனைத்துச் சுட்டால் மோனாக்சைடு வழிக்கு ஒரு தொடக்கப் பொருள் தயார். பரப்பு குறைவு என்பதால் வேகம் மந்தமாக இருக்கும். ஆனால் இதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது.

மேட்டூரில் அலுமினிய ஆலை விட்டுச்சென்ற செஞ்சேறு இன்னொன்று. சேர்வராயன் மலையின் பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் இந்தச் சேற்றில் இரும்பு ஆக்சைடு, அலுமினா, டைட்டானியா, சோடியம் எல்லாம் ஒன்றாக இருக்கும். இரும்புக்குச் சோடியம் துணைப்பொருள் என்று மேலே சொன்னேன். நாம் காசு கொடுத்துக் கலப்பதை அது தானாகவே கொண்டுவருகிறது. செஞ்சேற்றைக் கரியமில வாயு மாற்றத்துக்குப் பயன்படுத்தும் ஆய்வுகள் வெளிநாடுகளில் நடக்கின்றன. உரியவர்களிடம் அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். கடும் காரம் என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது. ஒவ்வொரு கூடைக்கும் கலவை மாறும் என்பதால், எடுத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி, பெரிய தொகுதியாக ஒருமுறை கலந்து, எல்லாச் சோதனைகளையும் அதிலிருந்தே செய்யுங்கள்.

கடைசியாக: செத்த வினையூக்கியை எறியாதீர்கள்

திறன் இழந்த வினையூக்கியைக் குப்பையில் கொட்டுவது நம் ஆய்வகங்களின் வழக்கம். அதில்தான் செய்தி இருக்கிறது. ஒடுங்கிய உலோகத் தூள் காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும் என்பதால், அறைச் சூட்டில், ஒரு சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனை மெல்லச் செலுத்தி மேல்தோலை மட்டும் ஆக்சைடாக்கிய பிறகே வெளியே எடுங்கள். கருப்படைந்திருக்கிறதா? காற்றில் சூடாக்கி எடைக் குறைவைப் பாருங்கள், படிந்த கரியின் அளவு தெரியும். எக்ஸ் கதிர்ப் படத்தில் உலோகக் கோடுகள் கூர்மையாகிவிட்டனவா? துகள்கள் திரண்டுவிட்டன. இரண்டும் இல்லையா? கந்தகத்தைத் தேடுங்கள். கரி என்றால் வாயு விகிதத்தை மாற்றுங்கள், திரட்சி என்றால் தாங்கியை மாற்றுங்கள், கந்தகம் என்றால் முன்னால் இருக்கும் படுகையை மாற்றுங்கள். மூன்றுக்கும் உலோகத்தை மாற்றத் தேவையில்லை. சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, தொகுதி எண், ஓடிய மணி, கடைசிச் சூடு, நின்ற காரணம் நான்கையும் எழுதி ஒட்டி அலமாரியில் வையுங்கள். எங்கள் அலமாரியில் இப்போது அப்படி முந்நூறுக்கு மேல் குப்பிகள் இருக்கின்றன. புதிதாகச் சேரும் மாணவருக்கு நான் முதல் வாரம் கொடுக்கும் வேலை அவற்றின் சீட்டுகளை வரிசையாகப் படிப்பதுதான்.